‘துணைக்கு இருப்பவள்’: ஈவ்லின் கோக் வழக்கின் வரலாறு

2007 ஜூன் 11. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். பெரிய வழக்கு எது வந்தாலும் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து நிற்கிற நீதிமன்றம் அது. அன்றைக்கு ஒருவர்கூட மாற்றுக் கருத்து எழுதவில்லை. முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்ட ஈவ்லின் கோக் என்ற கறுப்பினப் பெண், வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஓவர்டைம் கேட்டிருந்தார். கேட்க உரிமையில்லை என்பதுதான் தீர்ப்பு. ஏனென்றால் சட்டத்தின் கணக்கில் அவர் செய்தது ‘துணைக்கு இருத்தல்’.

நர்சிங், ஹோம் கேர், வீட்டுவேலை என்று போகிற பெண்கள் நம் சேரிகளிலும் காலனிகளிலும் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அதனால் இந்த வழக்கை அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ‘துணை’ என்கிற ஒரு நல்ல வார்த்தை எப்படி லட்சக்கணக்கான பெண்களின் கூலியைத் தின்றது என்பதைப் படிக்க இதைவிடத் தெளிவான வழக்கு நமக்குக் கிடைக்கவில்லை.

கோக் ஜமைக்காவில் பிறந்தவர். 1970இல் நியூயார்க்குக்கு வந்தார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். குவீன்ஸ் பகுதியில் குடியிருந்துகொண்டு லாங் ஐலேண்ட் கேர் அட் ஹோம் என்ற ஏஜென்சிக்காகச் சுமார் இருபது வருடம் வேலை பார்த்தார். மணிக்கு 7 டாலர் அளவில் கூலி. சில நாள் ஒரே வீட்டில் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் கூடினாலும் அதே 7 டாலர்தான். அமெரிக்கச் சட்டப்படி மற்ற தொழிலாளிக்கு 40 மணி நேரத்துக்குப் பிறகு ஒன்றரை மடங்கு தர வேண்டும்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லாமல் வரலாற்றுக்குள் போக முடியாது. எழுந்து நிற்க முடியாத ஒரு முதியவரைக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பது சாதாரண காரியம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். இரவு இரண்டு மணிக்கும் புரட்ட வேண்டும், நான்கு மணிக்கும் புரட்ட வேண்டும். மருத்துவமனையில் இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதை வீட்டில் ஒருத்தி தனியாகத் தூக்குகிறாள். இந்த வேலையில் முதலில் போவது முதுகுதான். விழுங்குவதற்குச் சிரமப்படுகிறவருக்குக் கஞ்சி ஊட்டும்போது ஒரு வாய் அவசரப்பட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மலம், மூத்திரம் துடைப்பது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதைச் சொல்லித்தான் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். தெரியாத பகுதிகள் வேறு. மறதி நோய் முற்றியவர் ‘என் காசை இவள் எடுத்துவிட்டாள்’ என்று மகளுக்குப் போன் போடும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பது. தன் நிறத்தைச் சொல்லித் திட்டுகிறவரைத் திட்டு வாங்கிக்கொண்டே குளிப்பாட்டித் துவட்டிவிடுவது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் போகிற நேரம் கணக்கில் வராமல் போவது. பார்த்துக்கொண்ட முதியவர் இறந்துபோனால், இரண்டு மூன்று வருடம் தொட்டுத் தூக்கிய உடம்பு அடக்கமாகும் அதே நாளில் வேலையும் போய்விடுவது.

அந்த முதியவர்மீது இவர்களுக்கு ஏற்படுகிற பாசம் பொய்யில்லை. அதைக் குறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பாசத்தையே காரணம் காட்டிக் கூலியைக் குறைக்க முடியும் என்பதை முதலாளியும் அரசும் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்கள்.

இனி 1930களுக்குப் போவோம். பொருளாதாரப் பெருமந்தத்தில் நாடு சரிந்து கிடந்தபோது ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டங்களைப் பற்றிப் பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதே ஆண்டில் சங்கம் அமைக்கும் உரிமைச் சட்டம், 1938இல் குறைந்தபட்சக் கூலிக்கும் வேலை நேரத்துக்குமான சட்டம். மூன்றும் பெரிய வெற்றிகள்தான். ஆனால் 1935இன் இரண்டு சட்டங்களும் இரண்டு வகைத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தின: விவசாயக் கூலிகள், வீட்டுவேலை செய்வோர். 1938இன் சட்டம் விவசாயக் கூலிகளைப் பெயர் சொல்லியே விலக்கியது. வீட்டுவேலை செய்வோரைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தோடு தொடர்புள்ள வேலைக்குத்தான் சட்டம் பொருந்தும் என்றார்கள். அடுப்படிக்கும் வணிகத்துக்கும் என்ன தொடர்பு? அவர்கள் தாமாகவே வெளியே நின்றார்கள்.

இந்த இரண்டு வேலைகளையும் யார் செய்தார்கள் என்று பாருங்கள். அன்று கூலிவேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஒன்று வயலில் இருந்தார்கள், இல்லையென்றால் வெள்ளையர் வீட்டு அடுக்களையில் இருந்தார்கள். தென் மாநிலங்களின் வெள்ளையின உறுப்பினர்கள் ஓட்டுப் போடாமல் எந்தச் சட்டமும் நிறைவேறாத காலம் அது. பருத்திக் காட்டின் கூலியும் வீட்டு வேலைக்காரியின் கூலியும் உயர்ந்தால் இன ஒழுங்கே கலைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ‘கறுப்பர்’ என்ற ஒரு சொல்லைக்கூடச் சட்டத்தில் எழுத வேண்டியிருக்கவில்லை. வேலையின் பெயரை எழுதினால் போதுமானதாக இருந்தது. சாதியின் பெயரைச் சொல்லாமல் தொழிலின் பெயரைச் சொல்லியே ஆளை ஒதுக்குகிற வித்தை நமக்கும் பழக்கமானதுதானே!

அதே 1935இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் காலை நேரத்தில் கறுப்பினப் பெண்கள் தெருமுனைகளில் வரிசையாக நிற்பார்கள். கையில் ஒரு காகிதப் பை, அதற்குள் வேலைக்குப் போடும் துணி. வீட்டுக்காரிகள் வந்து பார்த்துப் பேரம் பேசி, மணிக்கு 15 சென்ட் என்கிற அளவுக்கும் கூலியை இறக்கிக் கூட்டிப்போவார்கள். எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும் அந்தப் பெண்களோடு நின்று பார்த்து எழுதிய கட்டுரை அந்த ஆண்டு நவம்பரில் ‘தி கிரைசிஸ்’ இதழில் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிராங்க்ஸ் அடிமைச் சந்தை’. எல்லா பேக்கர் பின்னாளில் குடிமை உரிமைப் போராட்டத்தின் முதுகெலும்பாக நின்றவர். 1960இல் மாணவர் அமைப்பைத் தனிக்காலில் நிற்கவைத்தவர். மாணவத் தோழர்கள் அவரைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும்.

வீட்டில் வைத்து முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கூலிவேலையாக உருவெடுத்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். வேலையில்லாத ஏழைப் பெண்களுக்கு நிவாரண வேலை தர வேண்டும். நோயாளிகளும் வயதானவர்களும் மருத்துவமனைப் படுக்கையை நிரப்பாமல் வீட்டிலேயே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே திட்டத்தில் முடித்துக்கொண்டது அரசு. அப்படி அனுப்பப்பட்டவர்களில் நிறையப் பேர் கறுப்பினப் பெண்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட அடையாளம் பிறகு போகவே இல்லை. இவர்கள் நர்ஸும் இல்லை, வேலைக்காரியும் இல்லை, அரசு ஊழியரும் இல்லை. உதவித்தொகை வாங்காமல் இருப்பதற்காக ஏதோ செய்கிறவர்கள். 1965இல் மெடிக்கேர், மெடிக்கெய்ட் வந்து அரசுப் பணம் பாயத் தொடங்கியதும் நடுவில் ஏஜென்சிகள் முளைத்தன. பணம் அரசுடையது, லாபம் ஏஜென்சியுடையது, முதுகுவலி மட்டும் பெண்ணுடையது.

வீட்டுவேலைப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அட்லாண்டாவில் டோரத்தி போல்டன் என்ற வீட்டுவேலைத் தொழிலாளி, காலையில் வேலைக்குப் போகிற பெண்கள் ஏறும் பஸ்களில் தானும் ஏறி, அங்கேயே பேசிப் பேசி ஆள் சேர்த்தார். 1968இல் சங்கம் பிறந்தது. உறுப்பினராகச் சேர்கிறவர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிய வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. நாடாளுமன்றத்துக்குள் ஷர்லி சிஷம் இருந்தார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண், வீட்டுவேலை செய்த ஒரு தாயின் மகள். இப்படிப் பலர் தள்ளியதில் 1974இல் சட்டம் திருத்தப்பட்டது. 36 ஆண்டுகள் கழித்து வீட்டுவேலை செய்வோர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் வந்தார்கள்.

வந்த அன்றே ஒரு கதவு சாத்தப்பட்டது. எப்போதாவது குழந்தை பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கும், வயதாலோ நோயாலோ தம்மைக் கவனித்துக்கொள்ள முடியாதவர்களுக்குத் ‘துணைக்கு இருக்கும்’ சேவை செய்கிறவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு. அதை எழுதியவர்கள் மனதில் இருந்த சித்திரம் பக்கத்து வீட்டுக்காரம்மா: மாலையில் வந்து பாட்டியோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர், அதை நம்பிக் குடும்பம் நடத்தாதவர். அடுத்த ஆண்டு தொழிலாளர் துறை விதிகளை எழுதியபோது அந்தச் சித்திரம் ஊதிப் பெருத்தது. சமைத்துத் தருவதும், துணி துவைப்பதும், படுக்கை போடுவதும் ‘துணை’யில் சேர்ந்தன. மற்ற வீட்டுவேலைகள் மொத்த நேரத்தில் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் அதுவும் துணைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, லாபத்துக்கு நடத்தப்படும் ஏஜென்சி அனுப்புகிற தொழிலாளிக்கும் இந்த விலக்கு பொருந்தும் என்றது விதி. இதில் ஒரு கொடுமை உண்டு. பெரிய ஏஜென்சிகளின் தொழிலாளர்கள் 1974க்கு முன்பே, நிறுவன ஊழியர் என்கிற முறையில், சட்டத்தின் பாதுகாப்பில் இருந்தவர்கள். வீட்டுவேலைப் பெண்களை உள்ளே கொண்டுவர எழுதப்பட்ட திருத்தம் இவர்களை வெளியே தள்ளிவிட்டது.

உயர்த்திப் பேசிக் கூலியை மறுப்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது அல்ல. 1936இல் காந்தி, தாய் குழந்தைக்குச் செய்வதைத் துப்புரவுத் தொழிலாளி சமூகத்துக்குச் செய்கிறார் என்று எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் காங்கிரஸையும் காந்தியையும் பற்றி எழுதிய நூலில் இந்தப் பேச்சைக் கிழித்துப்போட்டார். அந்த வேலை உன்னதமானது என்றால் எல்லோரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதுதானே, அதையே செய்யும்படி பிறப்பால் விதிக்கப்பட்டவரிடம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ‘தாய்’ என்றாலும் ‘துணை’ என்றாலும் விளைவு ஒன்றுதான். தாய்க்கு யாரும் சம்பளம் தருவதில்லை. துணைக்கு யாரும் ஓவர்டைம் போடுவதில்லை. ‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று நம் ஊர்களில் சொல்லும் வீடுகளிலும் அந்தப் பொண்ணுக்குத் தனித் தம்ளர் இருக்கும்.

1946இல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது தொழிற்சாலைகள் திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்து, 54 மணி நேரமாக இருந்த வார வேலையை 48ஆகக் குறைத்தார். அதே ஆண்டில்தான் அவர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்கு எழுதிய கடிதமும், டுபாய்ஸ் எழுதிய பதிலும். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டிருந்தார் அம்பேத்கர். அவர்கள் எங்கே எப்படி மனுப் போட்டார்கள் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது. ஆனால் 48 மணி நேரம் என்கிற கணக்கு ஆலையின் வாசலோடு நின்றுவிட்டது. வீட்டுக்குள் அது நுழையவில்லை. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான 2011ஆம் ஆண்டின் ஐ.எல்.ஓ. 189ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. நாடு முழுவதற்குமான தனிச் சட்டமும் கிடையாது. ‘24 மணி நேரமும் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பப்படும்’ என்று நம் நகரங்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படிக்கும்போது, அந்த 24இல் எத்தனை மணி நேரத்துக்குக் கூலி என்று கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வீட்டில் தனியாக இருக்கும்போது சங்கம் எப்படிக் கட்டுவது? ஆலை வாசல் கிடையாது, ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டம் கிடையாது. வேலைநிறுத்தம் செய்தால் புரட்டிப் போட ஆளில்லாமல் கிடக்கப்போவது தான் பார்த்துக்கொள்ளும் முதியவர்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் 1987இல் தொடங்கிய சங்கத்தினர் கோயில், கடை, டாக்டர் வீடு, முதியோர் கூடும் இடம் என்று அலைந்து பெயர் பெயராகச் சேர்த்தார்கள். கூலி அரசுப் பணம். ஆனால் ‘நாங்கள் முதலாளி இல்லை, அந்த முதியவர்தான் முதலாளி’ என்றது கவுன்டி நிர்வாகம். நீதிமன்றமும் அதையே சொன்னது. பிறகு அவர்கள் செய்ததுதான் நமக்கு முக்கியம். முதியோர் அமைப்புகளோடும் மாற்றுத்திறனாளி அமைப்புகளோடும் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சு சுலபமாக நடக்கவில்லை. கூலி கூடினால் தங்களுக்குக் கிடைக்கும் பராமரிப்பு நேரம் குறையுமோ என்ற பயம் மறுபக்கத்தில் இருந்தது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து சட்டத்தை மாற்றவைத்து, முதலாளியாகப் பதில் சொல்ல வேண்டிய ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் 74,000 பேர் ஒரே வாக்கெடுப்பில் சங்கத்துக்குள் வந்தார்கள். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன், புலம்பெயர்ந்த பெண்கள். பல பத்தாண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சங்கம் காணாத வெற்றி அது.

ஓவர்டைம் மட்டும் கைக்கு எட்டவில்லை. கிளின்டன் அரசு பதவியிலிருந்து இறங்கப்போகும் நேரத்தில், 2001 ஜனவரியில், ஏஜென்சித் தொழிலாளர்களுக்கு அந்த விலக்கை நீக்க முன்மொழிந்தது. புஷ் அரசு 2002இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே 2002இல்தான் கோக் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றத்தில் ஏஜென்சிக்கு ஆதரவாக யார் யார் வந்தார்கள் என்று பார்த்தால் கசப்பாக இருக்கும். மத்திய அரசு வந்தது. நியூயார்க் நகர நிர்வாகமும் வந்தது. ஓவர்டைம் கொடுத்தால் செலவு தாங்காது என்றது. இந்தப் பெண்கள் குறைந்த கூலிக்கு உழைத்ததால்தான் நகரத்தின் முதியோர் பராமரிப்பே ஓடிக்கொண்டிருந்தது என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது.

நீதிபதி பிரெய்யர் எழுதிய தீர்ப்பு கோக்கின் வேலையைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. விதியை எழுதும் அதிகாரத்தை நாடாளுமன்றம் தொழிலாளர் துறைக்குக் கொடுத்தது, துறை எழுதியது செல்லும், அவ்வளவுதான். 2009 ஜூலையில் கோக் தன் 74ஆவது வயதில் இறந்தார். பல வருடம் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தவர். பிறர் வீட்டில் தான் செய்த அதே வேலைக்குத் தனக்கென்று ஒரு ஆளை வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

தீர்ப்பே ஒரு வழியையும் காட்டியிருந்தது. விதியை எழுதியது துறை என்றால் துறையே அதை மாற்றலாம். 2013 செப்டம்பரில் ஒபாமா அரசின் தொழிலாளர் துறை மாற்றியது. ஏஜென்சிகளின் சங்கங்கள் வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றம் விதியை ரத்து செய்ய, 2015 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீட்டெடுத்தது. சுமார் 20 லட்சம் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் மத்தியச் சட்டப்படி உரிமையாயின. கோக் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் வாழ்ந்த நியூயார்க்கிலேயே 24 மணி நேர ஷிப்ட் இன்னும் இருக்கிறது. கூலி 13 மணி நேரத்துக்குத்தான். மீதி 11இல் 8 மணி நேரம் தூக்கம், 3 மணி நேரம் சாப்பாடு என்று கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்ட வேண்டியவள் எப்போது எட்டு மணி நேரம் தூங்கினாள்? தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கவிடாவிட்டால் முழுக் கூலி தர வேண்டும் என்று விதியில் உண்டு. தூங்கவில்லை என்பதை யார் எழுதிவைப்பது, யார் நம்புவது? 2019இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமும் இந்த 13 மணி நேரக் கணக்குச் செல்லும் என்றது. இதற்கு எதிராக இப்போது முன்வரிசையில் நிற்பவர்கள் சீனாவிலிருந்து வந்த வயதான பெண்கள். 2024 மார்ச்சில் நகர மன்றத்தின் முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். இவர்களுடைய கோரிக்கை கூலி உயர்வு அல்ல. 24 மணி நேர ஷிப்டையே ஒழித்து, இரண்டு பேருக்கு 12 மணி நேரமாகப் பிரித்துக் கொடு என்பது.

2025 ஜூலையில் டிரம்ப் அரசின் தொழிலாளர் துறை ஒரு முன்மொழிவை வெளியிட்டது. 2013இன் மாற்றத்தை நீக்கிவிட்டு 1975இன் விதிக்குத் திரும்ப வேண்டும் என்கிறது அது. ஏஜென்சி அனுப்புகிற தொழிலாளி மறுபடியும் ‘துணைக்கு இருப்பவள்’ ஆகிவிடுவாள்.